சிங்கப்பூர் நேரம்

இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை போகும் எட்டேகால் டவுன் பஸ்ஸில் அப்போது யாரும் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டோம். "மழை வரும்போல" என்று ஒருத்தி ஆரம்பித்தால், "வருமோ என்னமோ" என்று அவளே முடித்துக்கொள்வாள். தங்கம் விலை, தேர்தல், பக்கத்துத் தெருச் சாவு, எதைப் பேசினாலும் கடைசியில் "அப்படின்னு சொல்றாங்க" என்று ஒரு வால் இருக்கும். புதிதாக ஏறுகிறவர்கள் எங்களை அடக்கமான ஜனங்கள் என்று நினைத்திருக்கலாம். அடக்கமெல்லாம் இல்லை. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில், ஜன்னலோரமாக அவர் உட்கார்ந்திருப்பார். அதுதான் காரணம்.

ஐம்பதைத் தாண்டியவர். புதுக்கோட்டையில் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கஞ்சி போட்ட நூல் சேலை, மடியில் மடித்த செய்தித்தாள், தாலிச் சங்கிலியில் கோத்த இரண்டு ஊக்கு. அவர் யார் பேச்சிலும் குறுக்கே விழ மாட்டார். சொல்ல வந்ததை நாம் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டுவார். பிறகு சொல்வார்.

"பொட்ட மயில் இல்ல." கொஞ்சம் இடைவெளி. "ஆண் மயில்."

அந்த இடைவெளியில்தான் எல்லாம் இருந்தது. தப்பாகச் சொன்னவள் அந்த ஒரு நொடி பஸ் முழுக்கப் பார்க்க நிற்க வேண்டும். சரியானது அதன் பிறகுதான் வரும். விராலிமலையில் மயில் பார்த்துவிட்டு வந்து, பொட்ட மயில் தோகை விரித்து ஆடியது என்று கைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, கைகளை மெதுவாகக் கீழே இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

"ஃப்ரீ பஸ்ஸுதானே, கூட்டம் இருக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால், "ஃப்ரீ இல்ல. நமக்குப் பதிலா கவர்மெண்ட் கட்டுது" என்பார். கண்டக்டர் தரும் கட்டணமில்லா டிக்கெட்டை நாங்கள் வாங்கிய கையோடு ஜன்னல் வழியாக விட்டுவிடுவோம். அவர் மட்டும் இறங்கும்வரை கையில் வைத்திருப்பார். எங்கள் கையையும் பார்ப்பார்.

ஒருநாள் ஒரு சின்னப் பெண் காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். முதல் பிள்ளை, பயந்துபோயிருந்தாள். "ராத்திரி பூரா நூத்தி ரெண்டு டிகிரி செல்சியஸ்க்கா, எறங்கவே இல்ல" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

முன்சீட்டில் கண்ணாடி துடைக்கப்பட்டது. "செல்சியஸ் இல்ல. ஃபாரன்ஹீட். செல்சியஸா இருந்தா புள்ள இந்நேரம் வெந்துருக்கும்."

அந்தப் பெண் குழந்தையை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும்தான்.

இன்னொரு முறை எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். வாசலில் அவர் படத்தோடு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பஸ்ஸில் நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவரும் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டார், கும்பிட்டார். மொட்டையடித்து ஈர வேட்டியோடு நின்ற மூத்த மகனிடம் போனார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்து அவன் தலையைக் குனிந்தான்.

"தம்பி, எழுபத்தெட்டுன்னு போட்டுருக்கீங்க. எழுபத்தெட்டு இல்ல. எழுபத்தாறு. அவரு எங்க சித்தப்பாவோட ஒண்ணாப் படிச்சவரு."

அவன் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஃப்ளெக்ஸைப் பார்த்தான். தூக்குகிற நேரம்வரை ஃப்ளெக்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் ஒருமுறையாவது தவறாகச் சொல்லியிருந்தால் எங்களுக்குப் போதும். பைக்குள் மறைத்துச் செல்போனில் தேடிப் பார்ப்போம். எந்த நாட்டுக்கு எது தலைநகரம், எந்தப் புயல் எங்கே கரையைக் கடந்தது, மாநிலத்தில் மொத்தம் எத்தனை மாவட்டம். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். மனுஷியை வெறுக்க இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

அவரைப் பிடித்திருந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். என் மகள் நிவேதாவுக்கு. அவள் புதுக்கோட்டைக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். நான் அங்கே ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு பேரும் அந்த பஸ்ஸில்தான் போவோம். என் பக்கத்தில் இடம் இருந்தாலும் அவள் முன்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று அவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தபோது, "எல்லா எடத்துலயும் இல்ல ஆன்ட்டி. கொடைக்கானல்ல அதுக்கு முன்னாடியே கொதிச்சிரும்" என்றாள் இவள்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"ஆமா. நீ சொல்றதுதான் சரி" என்றார். முகத்தில் கோபமே இல்லை. யாரோ கையில் மிட்டாய் கொடுத்ததுபோல இருந்தது முகம். அன்று முழுக்க இவளும் அப்படித்தான் இருந்தாள்.

அவரிடம் ஒரே ஒரு பொய் இருந்தது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார் என்பார். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் சிங்கப்பூர், மலேசியா ஆட்கள் உண்டு. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. "இங்க எட்டேகால். அங்க இப்ப பத்தே முக்கால். வேலைக்குப் போயிருப்பாரு" என்று பஸ் கிளம்பும்போதே சொல்வார். "மூணு மணி நேரம் வித்தியாசமோ?" என்று ஒருத்தி கேட்டபோது, "மூணு இல்ல. ரெண்டரை" என்றார். அதையும் தேடிப் பார்த்தோம். அதுவும் சரிதான்.

ஆனால் பஸ்ஸுக்கே விஷயம் தெரியும். அன்னவாசலில் ஏறும் பூக்கார அம்மாவின் தம்பி மணப்பாறை மாட்டுச் சந்தையில் அவருடைய வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறான். பக்கத்தில் ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. இது நடந்து பல வருஷம் ஆகிறது. யாரும் அவரிடம் அதைச் சொன்னதில்லை. பத்தே முக்கால் என்று அவர் சொல்லும்போது, "அப்படியாக்கா, வெயிலு ஏறியிருக்கும்" என்று கேட்டுக்கொள்வோம். இரக்கம் என்றுதான் நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். உண்மையில், வேண்டும்போது எடுக்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்தோம்.

நிவேதாவுக்குப் பதினேழு வயதில் முதல் முறை வலிப்பு வந்தது. திருச்சியில் டாக்டரிடம் காட்டி, மாத்திரை ஆரம்பித்து, அதன் பிறகு வரவே இல்லை. மாத்திரையை விடக் கூடாது, அது ஒன்றுதான் என்றார் டாக்டர். சொந்தக்காரர்களிடம் நான் மயக்கம் என்று சொல்லியிருந்தேன். பெண் பிள்ளைக்கு வலிப்பு என்று இந்த ஊரில் எந்தத் தாய் சொல்வாள்? மாத்திரை பூஜை அலமாரியில், விபூதி டப்பாவுக்குப் பின்னால் இருக்கும்.

எம்.எஸ்ஸி. கடைசி வருஷத்தில் நல்ல இடம் ஒன்று வந்தது. பையன் இன்ஜினியர், காரைக்குடிப் பக்கம். பூ வைக்க நாள் குறித்துவிட்டோம். அதற்கு முந்தின வாரம் எங்கள் ஊர்த் திருவிழா. மாப்பிள்ளையின் அம்மாவை அழைத்தோம், வந்தார், இரண்டு நாள் தங்கினார். பூஜை அலமாரி இருக்கும் அறையில்தான் அவருக்குப் படுக்கை. அவர் முன்னால் எப்படி எடுப்பது? "ரெண்டு நாளுதான பாப்பா, இருக்கட்டும்" என்று நிவேதாவிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

அந்த அம்மா ஊருக்குப் போன மறுநாள் வழக்கம்போல பஸ்ஸில் போனோம். அன்னவாசலில் மாப்பிள்ளையின் சித்தி ஏறினார். அங்கேதான் அவரைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்து, "என்ன சம்பந்தி, இங்கிட்டு உக்காரலாமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். பூ வைக்கும் சேலையின் நிறம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

முன்னால் சத்தம் கேட்டது. நிவேதா சீட்டிலிருந்து சரிந்து நடைபாதையில் விழுந்திருந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒரு கிழவி பையிலிருந்து புல்லறுக்கும் அரிவாளையே எடுத்துவிட்டாள். கண்டக்டர் சாவிக்கொத்தோடு ஓடிவந்தான். யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள்.

"இரும்பும் வேணாம், தண்ணியும் வேணாம். எல்லாரும் தள்ளுங்க." அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார், அந்தக் கஞ்சி போட்ட சேலையோடு. நிவேதாவை ஒருக்களித்துத் திருப்பி, தலையை மடியில் தாங்கிக்கொண்டார். மற்றொரு கையைத் திருப்பி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து ஓடினேன். ஓடியவள் மகளிடம் குனியவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சித்தியின் கண்ணுக்கு அவள் தெரியாதபடி முந்தானையை விரித்து நின்றேன். "ஒண்ணுமில்லங்க, காலைல சாப்பிடாம வந்துட்டா. வெறும் மயக்கம். இப்ப எந்திரிச்சிருவா. மயக்கந்தான்."

எனக்குப் பின்னால், கீழேயிருந்து, அந்தக் குரல் வந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு வந்தது.

"மயக்கம் இல்ல."

அந்த இடைவெளியில் நான் திரும்பிப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிப்பு."

கண் தெளிந்து நிவேதா எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை எத்தன நாளா விட்டுப்போச்சு?" நிவேதா விரலால் இரண்டு என்று காட்டினாள். சித்தி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். சம்பந்தி என்று கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. "ஜாதகத்த இன்னொரு எடத்துல காட்டுனோங்க. ஒத்துவரலங்கறாங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார், என் வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்ட அந்த அம்மா.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவரை மறித்துக் கேட்டேன். "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க? எம்பொண்ணு கல்யாணமே நின்னுபோச்சே."

"ஜாதகம் ஒத்துவரலன்னுதான சொன்னாங்களாம்?"

"அது சாக்குக்கா!"

"அப்ப சாக்குன்னு சொல்லுங்க."

"நான் மயக்கம்னு சொன்னா, நீங்க அப்படியே விட்டுருக்கக் கூடாதா? ஒங்களுக்கு என்ன நட்டம்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நிஜமாகவே புரியாத பார்வை. "மயக்கம்னு நெனச்சு ஒருத்தி வாயில தண்ணி ஊத்தப் போனா. ஊத்தியிருந்தா பொர ஏறியிருக்கும். என்ன ஆயிருக்கும்னு தெரியுமா? நான் என்ன தப்பாச் சொன்னேன்?"

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே நின்று யோசித்தேன், பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் யோசித்தேன். ஒரு தப்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மன்னித்துக்கூட இருப்பேன்.

அதன் பிறகு கீரனூரிலிருந்து ஓர் இடம் வந்தது. தரகர் இரண்டே நாளில் திரும்பிவந்தார். "பஸ்ல விழுந்த பொண்ணான்னு கேக்குறாங்கம்மா" என்றார். அன்று இரவு என் கணவர் சாப்பிடவில்லை. நிவேதா சாப்பிட்டாள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் அவள் வழக்கம்போல முன்னால் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தது.

அன்னவாசலில் பூக்கார அம்மா ஏறி என்னிடம் வந்தாள். பாவப்பட்டுத்தான் பேசினாள். "தங்கமான புள்ள. காத்து கருப்பு எதாச்சும் அடிச்சிருக்கும் ஆத்தா. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒருத்தரு மந்திரிச்சுக் கயிறு கட்டுறாரு. ஒரு நட கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

நான் தலையாட்டினேன். முன்னால் கண்ணாடி துடைக்கப்படுவது தெரிந்தது.

"காத்து கருப்பு இல்ல. மூளைல வர்ற கோளாறு. மாத்திர சாப்பிட்டா சரியா இருக்கும். கல்யாணமும் பண்ணலாம், புள்ளையும் பெத்துக்கலாம்."

பஸ் முழுக்கக் கேட்டது. மூளை என்ற சொல்லுக்குப் பின்சீட்டில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள். பூக்கார அம்மா பேச்சை மாற்ற நினைத்து, "அது கெடக்கட்டும், ஒங்க வீட்டுக்காரரு பொங்கலுக்காச்சும் வாராராக்கா?" என்று கேட்டாள்.

"லீவு கெடைக்கல. அங்க இப்ப வேல சாஸ்தி."

நான் எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"சிங்கப்பூர் இல்ல" என்றேன்.

அந்த இடைவெளி எவ்வளவு ருசியானது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. நிவேதாவின் தலையும் திரும்பியது.

"மணப்பாறை. இன்னொருத்தியோட இருக்காரு. புள்ளையும் இருக்கு. இந்த பஸ்ஸுல எல்லாருக்கும் தெரியும்."

பூக்கார அம்மா கூடையைக் குனிந்து பார்த்தாள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டான். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையை எடுத்துத் துடைத்தார், ஒரு பக்கம், மறு பக்கம், திரும்பவும் முதல் பக்கம். மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தில் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த தழும்பு இருந்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன். அதைப் பார்க்கத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"மணப்பாறை இல்ல" என்றார்.

குரல் கொஞ்சம் பிசிறியது. தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"துவரங்குறிச்சி."

பிறகு செய்தித்தாளை மடித்துப் பையில் வைத்தார், எழுந்தார், கம்பியைத் தட்டினார். "அக்கா, இது சித்தன்னவாசல் வெலக்கு. ஒங்க எடம் இன்னும் வரல" என்றான் கண்டக்டர்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நிவேதா கூடவே எழுந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். பஸ் கிளம்பியபோது அவர் ரோட்டோரம் வெயிலில் நின்று, கட்டணமில்லா டிக்கெட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக்கோட்டை வரும்வரை எனக்கு உடம்பெல்லாம் சுகமாக இருந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு அவர் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. முந்தின பஸ்ஸில் போகிறார் என்றாள் ஒருத்தி. மாற்றல் வாங்கிப் போய்விட்டார் என்றாள் இன்னொருத்தி. எது சரி என்று சொல்ல ஆள் இல்லை. இரண்டாவது சீட்டில் இப்போது யார் யாரோ உட்காருகிறார்கள். எல்லாரும் சத்தமாக, உறுதியாக, வாய்க்கு வந்ததைப் பேசுகிறோம். மாநிலத்தில் மாவட்டம் நாற்பது என்கிறாள் ஒருத்தி. ஆமாம் என்கிறோம்.

அவர் பாதி வழியில் இறங்கிப்போன அன்று மாலை, வீட்டுக்கு வந்ததும் நிவேதா பூஜை அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துச் சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் எடுத்து உள்ளே வைத்தேன். திரும்ப வெளியே வைத்தாள்.

"யாராச்சும் வந்தா பாப்பாங்கடி."

"பாக்கட்டும். நான் விழுந்த அன்னிக்கு பஸ்ல நீ எங்கம்மா இருந்த?"

"அங்கதான இருந்தேன். ஒம் பக்கத்துலதான்."

"பக்கத்துல இல்ல" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "முன்னால. முதுகக் காட்டிக்கிட்டு."

போன மாதம் விராலிமலையிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. நாலு பேர். நல்ல மாதிரியாகப் பேசினார்கள். டப்பாவை முன்கூட்டியே எடுத்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தள்ளியிருந்தேன். பையனின் அம்மா, "தப்பா நெனச்சுக்காதீங்க, கேக்கணும்ல. பொண்ணுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லங்க" என்றேன். "எப்பயோ ஒரு தடவ மயக்கம் வந்துச்சு. அதோட சரி."

நிவேதா காபித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நின்றாள். தட்டை மேசையில் வைத்தாள். ஒவ்வொருவர் கையிலும் டம்ளரைக் கொடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அது எந்தக் குரலில் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மயக்கம் இல்ல" என்றாள். நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "வலிப்பு. மாத்திர சாப்பிடுறேன்."

அவர்கள் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. ஊருக்குப் போய்க் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். என் கணவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்ல மனுசங்கதான்" என்றேன். "புடிக்காட்டி குடுத்த காபிய முழுசாவா குடிச்சிட்டுப் போவாங்க?"

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"முழுசா இல்லம்மா" என்றாள் நிவேதா உள்ளேயிருந்து. "நாலு டம்ளர்லயும் பாதி அப்படியே இருக்கு."